சரி ஐயா சொன்ன சரி

அந்தத் தெருவில் அவருக்குச் சரி ஐயா என்று பெயர். யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் சொல்லி முடிக்கும்வரை அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் தலையை மெல்ல அசைத்து, "சரி" என்பார். கடன்காரன் கதவைத் தட்டிவிட்டுப் போன வீட்டிலும், பிள்ளை பேசாமல் பிரிந்துபோன வீட்டிலும் அந்த ஒரு சொல், வெயிலில் காய்ந்த துணியை மடியில் போட்டதுபோல வெதுவெதுப்பாக வந்து விழும். அவர் இல்லாத இந்த நாட்களிலும் அங்கே யாராவது பெருமூச்சு விட்டால், பக்கத்தில் இருப்பவர் அவரைப்போலவே தலையை அசைத்துக் காட்டுகிறார்.

மனைவிக்குத் தனிப் பெயர் கிடைக்கவில்லை. சரி ஐயா வீட்டம்மா, அவ்வளவுதான். அதில் அவருக்கு மனத்தாங்கல் உண்டு. "தொண்டை வத்தப் பேசறது நான். பேர் வாங்கறது நீங்க" என்பார்.

மற்றவர்கள் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் பேப்பர் படிக்கிற வயதில், இவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை இளைய மகளிடம் கொடுத்துவிட்டு, சபையின் ஊழிய அலுவலகம் அனுப்பிய அறியாத ஊருக்கு இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. சம்பளம் கிடையாது. வீடு வீடாகப் போய் நோயாளிகளோடு உட்கார்ந்திருப்பது, கண் தெரியாதவர்களுக்குக் கடிதம் படித்துக் காட்டுவது, படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டுவது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் கூடத்தைப் பெருக்கி நாற்காலி போடுவது. பிரசங்கம் செய்ய இளவட்டங்கள் இருந்தார்கள். "அவங்களுக்கு நிக்கிற ஊழியம், நமக்கு உக்கார்ற ஊழியம்" என்று வீட்டம்மா சொல்வார்.

சரி ஐயாவுக்குக் காது கேட்காது. அது அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

வேலையில் இருந்த காலம் முழுவதும் அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் அறையில் இருந்தார். அந்த இரைச்சல் அவர் காதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனது. முதலில் குருவிகள். பிறகு தூரத்து மணி. பிறகு குழந்தைகள் பேசுவது. கடைசியில் மனைவியின் குரல் மட்டும் மிஞ்சியது. அந்த அம்மாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைப்பதுபோலப் பேசுவார். மற்றவர்கள் எல்லோரும் சரி ஐயாவுக்குத் தண்ணீருக்கு அடியில் இருந்தார்கள். உதடுகள் திறந்து மூடின, கைகள் அலைந்தன, கண்கள் நிறைந்தன. பஸ்கள் ஓசையில்லாமல் வந்து ஓசையில்லாமல் போயின. அவருக்கு அது துன்பமாகவே தோன்றவில்லை. பகலெல்லாம் யாரோ தன்னைக் கனவு கண்டுகொண்டிருப்பதுபோல ஒரு மிதப்பில் நடந்தார்.

ஆனால் அலுவலகத்துக்குத் தெரிந்தால் வீடுகளுக்கு அனுப்பமாட்டார்கள். காது மந்தமான இன்னொரு பெரியவரைக் கிடங்கில் பழைய துணி பிரிக்கப் போட்டிருந்ததை அவரே பார்த்தார். அவருக்கு வீடுகள் வேண்டும். முகங்கள் வேண்டும். அதனால் இரண்டு பேரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். வீட்டம்மாவின் கைப்பை மடியில் இருந்தால், கேட்டுக்கொண்டே இருங்கள். பை தரைக்கு வந்தால், சரி சொல்லுங்கள். கண்ணாடியைக் கழற்றினால் ஜெபம். நடுவில் முக்கியமானது எதுவும் வந்தால், "ஓ, மருமக திரும்பி வந்துட்டாளா" என்று எதிரொலிபோல உரக்கச் சொல்லிவிடுவார். இந்த நாடகத்தில் பிசகே வந்ததில்லை. அதனால் இது நாடகம் என்பதே இரண்டு பேருக்கும் மறந்துபோயிருந்தது.

படிக்கட்டு நீண்ட ஒரு கட்டடத்தில், கீழ்த்தளத்தில் படுத்த படுக்கையாக ஒரு முன்னாள் தபால்காரர் இருந்தார். மேலே ஒரு தையல்கார அம்மாள், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகளோடு இருந்தார். ஒரு பிற்பகல் தபால்காரரைக் குளிப்பாட்டி முடிக்க நேரமாயிற்று. கஞ்சி கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லி, வீட்டம்மா கணவரைப் படியில் உட்காரச் சொன்னார். அவர் உட்கார்ந்து பார்த்தார். மேலே ஜன்னல் வெளிச்சம் படிமேல் படியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே ஏறிப் போய்விட்டார்.

கதவு திறந்திருந்தது. தையல்கார அம்மாள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் பின்னால் இருந்ததால் முகம் இருட்டாக இருந்தது, உதடு தெரியவில்லை. அவர் பேசினார். நெடுநேரம் பேசினார். காற்றில் பஞ்சுத் துகள்கள் பொன்னாகி மிதந்தன. மடியில் இருந்த துணியை அவர் மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். ஏதோ துணி விஷயம், யாரோ அளவு தப்பாகக் கொடுத்துவிட்டார்கள் என்று சரி ஐயா நினைத்துக்கொண்டார். பேச்சு நின்றது. அந்த அம்மாள் தலையை முன்னால் நீட்டி எதையோ கேட்டார்.

சரி ஐயா கைப்பையைத் தேடினார். பை கீழ்த்தளத்தில் இருந்தது.

"சரி" என்றார். அம்மாள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். போதாதுபோலிருக்கிறது என்று, "உங்க மனசுக்குப் பட்டபடி செய்யுங்கம்மா. கடவுள் கூட இருப்பார்" என்று சொல்லி, தலையில் கை வைத்து ஜெபமும் செய்தார். தையல்கார அம்மாள் அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். முதல் தடவையாக யாரும் பிடிக்காமல் சைக்கிள் ஓட்டிய பிள்ளைபோல அவர் படியிறங்கி வந்தார். மனைவியிடம் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தைத் தனியாகக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, அந்த மகள் வந்து நின்றாள். கதவைத் திறந்தவர் சரி ஐயாதான். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கண்கள் சிவந்திருந்தன. உதடுகள் வேகமாக ஓடின. அவர் வழக்கம்போல முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓடிய உதடுகள் நின்றதும், "சரிம்மா" என்றார்.

உள்ளே அடுப்படியில் இருந்த வீட்டம்மா கரண்டியோடு ஓடிவந்தார். மகள் அவரிடம் திரும்பி எல்லாவற்றையும் மறுபடி கொட்டினாள். சரி ஐயா மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் இரத்தம் இறங்குவது தெரிந்தது. சாயங்காலமே வருவதாகச் சொல்லி அவளை அனுப்பிவிட்டு, வீட்டம்மா கதவைச் சாத்தினார். எக்ஸ்சேஞ்சில் சாவுச் செய்தியை இணைத்துக்கொடுக்கிற அதே நிதானத்தில் சொன்னார்.

"அந்தம்மாவுக்கு மார்ல கட்டி. உடனே ஆபரேஷன் பண்ணினா பொழைச்சுக்குவாங்க, தள்ளிப்போட்டா சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வர்ற வாரம் நாள் குறிச்சாச்சு. வேண்டாம், விட்டுடலாம்னு இருக்கேன், அது தப்பான்னு உங்ககிட்ட கேட்டாங்களாம். நீங்க சரின்னீங்களாம். ஜெபமும் பண்ணினீங்களாம். இப்ப ஐயாவே சொல்லிட்டாருன்னு பொண்ணு பேச்சைக் கேக்க மாட்டேங்கறாங்க."

சரி ஐயா துணி விஷயம் என்று நினைத்ததைச் சொன்னார். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது.

வீட்டம்மா திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவரிடம் ஒரு யோசனை இருந்தது. "நான் பேசிக்கறேன். ஐயா இன்னைக்குப் பூரா ஜெபம் பண்ணினாரு, நீங்க போகணும்னுதான் அவர் மனசுல வந்துச்சுன்னு சொல்லிடலாம். உங்க வார்த்தைன்னா தட்ட மாட்டாங்க. அவங்க உயிரும் பொழைக்கும், உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது."

பொய் என்று தள்ளிவிடவும் முடியாத யோசனை. சாயங்காலம்வரை ஜெபம் செய்யத்தான் போகிறார். அந்த அம்மாள் போகவேண்டும் என்பதுதான் அவர் மனசிலும் இருந்தது. ஒரு வாக்கியத்தில் எல்லாம் சரியாகிவிடும். தெருவும் வீடுகளும் முகங்களும் அவரிடமே இருக்கும். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் கடைக்காரர் ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். அது சத்தமில்லாமல் சுற்றி, மெதுவாகி, நிற்கும்வரை சரி ஐயா அதையே பார்த்தார்.

"அன்னைக்குக் கடவுள் பேரை இழுத்தது என் செவிட்டை மறைக்க. இன்னைக்கு என் மானத்தை மறைக்கவா?"

வீட்டம்மா, "அப்புறம் உங்களைக் கிடங்குலதான் போடுவாங்க" என்றார்.

"போடட்டும். துணி மடிக்கத் தெரியாதா எனக்கு?"

"தெரியாது. ஒரு நாளாவது மடிச்சிருக்கீங்களா?" என்று சொல்லிவிட்டு வீட்டம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் இரண்டு பேரும் அந்தப் படிகளில் ஏறினார்கள். மகள் இன்னும் கடையிலிருந்து திரும்பவில்லை. தையல்கார அம்மாள் எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு, துணியோடு மறுபடி தன் இடத்தில் உட்கார்ந்தார். சரி ஐயா உட்காரவில்லை. வீட்டம்மா கைப்பையை வாசலிலேயே வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றார்.

"அம்மா, அன்னைக்கு நீங்க பேசினது ஒரு வார்த்தைகூட என் காதுல விழல. எனக்குக் காது கேக்காது. ரொம்ப வருஷமா."

தையல்கார அம்மாள் வீட்டம்மாவைப் பார்த்தார். வீட்டம்மா ஆமாம் என்று தலையசைத்தார். அப்போது தையல்கார அம்மாள் கேட்டதைச் சரி ஐயா உதட்டிலேயே படித்துவிட்டார். "அப்ப நான் யார்கிட்டங்க சொன்னேன்?"

"யார்கிட்டயும் இல்லம்மா. அதான் திரும்பி வந்திருக்கேன்."

தையல்கார அம்மாளின் கை வாசலைக் காட்டியது. அதைப் புரிந்துகொள்ளக் காது வேண்டியதில்லை. மடியில் இருந்த துணி தரையில் விழுந்தது. ஊரெல்லாம் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற மனிதர், தாயும் பிள்ளையும் மூன்று நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் சண்டை போட்டதற்குக் காரணமானவர், பொம்மைபோல உட்கார்ந்திருந்தாரா என்று கேட்டார். வீட்டம்மா அதை எடுத்துச் சொல்லவில்லை. சரி ஐயாவுக்கும் அது விளங்காமல் இல்லை. ஆனாலும் போகவில்லை. முக்காலி ஒன்றை இழுத்து அந்த அம்மாளின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, கொஞ்சமாவது உயிர் இருந்த இடது காதை அவர் வாய்க்கு நேராகச் சாய்த்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. கத்திச் சொல்லுங்க."

தையல்கார அம்மாள் முதலில் மெதுவாகச் சொன்னார். சரி ஐயா தலையை அசைத்துக் கேட்கவில்லை என்றார். அம்மாள் இன்னும் சத்தமாகச் சொன்னார். அதுவும் எட்டவில்லை. எதிர்வீட்டில் குழாயை மூடினார்கள். மேல்மாடியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். யாரிடமும் மூச்சு விடாமல் மனதுக்குள் பூட்டி வைத்திருந்ததை அந்த அம்மாள் கட்டடமே கேட்கும்படி கத்தவேண்டியிருந்தது. வேண்டாம் என்று கத்தினார். போதும் என்று கத்தினார். அப்புறம் அன்றைக்கு ஜன்னலடியில் சொல்லாத ஒன்று, அவருக்கே தெரியாமல் வெளியே வந்தது.

"மயக்க மருந்து குடுத்து, அப்படியே கண்ணைத் திறக்காமப் போயிட்டா எம்பொண்ணுக்கு யாரு இருக்கா? எனக்குப் பயமா இருக்கு. பயமா இருக்குன்னு சொல்றேன், கேக்குதா?"

வெகுதூரத்திலிருந்து, ஒரு நூலிழைபோல, அது வந்து சேர்ந்தது.

"கேக்குதும்மா."

அவர் சரி சொல்லவில்லை. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றதை மனைவி பார்த்தார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

"பயம் தெளிஞ்சப்புறம் போலாம்னு இருந்தா யாரும் எங்கேயும் போக முடியாதும்மா" என்றார் கடைசியில். "பயந்துக்கிட்டே போலாம். என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா அது பொய். வெளியில நாங்க உக்காந்திருப்போம். உக்கார மட்டும் எங்களுக்கு நல்லா வரும்."

தையல்கார அம்மாள் துணியைப் பொறுக்கி எடுத்துத் தூசி தட்டினார். பிறகு வீட்டம்மாவைப் பார்த்து, "இவரோட எப்படிங்க இத்தனை காலம் தள்ளினீங்க?" என்று கேட்டார். "கத்திக்கிட்டேதான்" என்றார் வீட்டம்மா. அதற்கு அவர் சிரித்தாரா அழுதாரா என்று சரி ஐயாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. தோள்கள் குலுங்கியது மட்டும் தெரிந்தது.

மறுநாள் மருந்துக் கடையிலிருந்து மகள் ஆள் அனுப்பினாள். அம்மா பெட்டியில் துணி எடுத்து வைக்கிறார், இன்னும் வாய் திறந்து வருகிறேன் என்று சொல்லவில்லை, கேட்டால் எரிந்து விழுகிறார் என்று செய்தி. அதே நாள் சரி ஐயா ஊழிய அலுவலகத்துக்குப் போய், தன் காதைப் பற்றித் தானே சொன்னார். பொறுப்பாளர் கோபித்துக்கொள்ளவில்லை, மழுப்பவும் இல்லை. இனிமேல் கிடங்கில் வேலை, ஆஸ்பத்திரி நாளுக்கு மட்டும் விடுப்பு என்றார்.

அந்த நாள் வந்தது. தையல்கார அம்மாள் மகளின் கையை விடாமல் வந்தார். சக்கரக் கட்டிலில் படுக்கவைத்துக் கதவுக்குள் கொண்டுபோனார்கள். வெள்ளை நடைபாதையில் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெளிச்சம் தரையில் பால்போலக் கிடந்தது. செவிலியர்கள் மிதந்து போனார்கள். கட்டில்கள் மேகங்களைப்போல உருண்டன. மகள் வீட்டம்மாவின் தோளில் சாய்ந்து கண்ணை மூடினாள். அன்று அந்த நிசப்தம் சரி ஐயாவுக்குச் சுகமாக இல்லை. அதற்கு அந்தப் பக்கத்தில் ஒருவருடைய மூச்சு இருந்தது.

கதவு திறந்து டாக்டர் வந்தார். மகளும் வீட்டம்மாவும் எழுந்தார்கள். டாக்டரின் வாய் முகமூடிக்குள் அசைந்தது. சரி ஐயா மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து, கூச்சத்தோடு ஒரு அடி முன்னால் வைத்தார்.

"டாக்டர், எனக்குக் காது கேக்காது. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

டாக்டர் முகமூடியை இறக்கினார். குனிந்து, நடைபாதையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார்.

"நல்லா முடிஞ்சுது. கண்ணு முழிச்சுட்டாங்க."

அந்தக் கோடியில், வேறு யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்த ஒருவர் கை கூப்பினார்.