தாவரெக்கெரே தாண்டி ஒரு கிராமத்து பார்: அண்ணி சாப்பிட்ட நாட்டுக்கோழி

பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை என் அண்ணி ரெஜினாவும் நானும் ஒரு பாருக்குப் போய் வந்தோம். இந்த வலைப்பூவில் இதுவரை அணைக்கட்டு, கோட்டை, மலைக்கோயில், மாதா கோயில் எல்லாம் எழுதியிருக்கிறேன். பார் இதுதான் முதல் தடவை. இரண்டு பெண்கள் பஸ்ஸில் போய்ச் சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும். விவரம் கீழே.

முதலில் ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்த்தார். சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்ததும் நண்பர்களோடு மாகடி ரோட்டுப் பக்கம் இந்த பாருக்குப் போவார். வீட்டுக்கு வந்ததும் அண்ணியிடம் தவறாமல் ஒன்று சொல்வார்: “உன் கோழி நல்லாத்தான் இருக்கு ரெஜி. ஆனா அங்க ஒரு கோழி சாரு வைக்கிறாங்க பாரு...” அன்று ராத்திரி அவரே தட்டு எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் நிமோனியாவில் அண்ணன் போய்விட்டார். போன கிறிஸ்துமஸுக்கு விவேக் நகரில் அண்ணி வீட்டில் சாப்பிடும்போது, “உங்க கோழிக் குழம்பை அடிச்சுக்க ஆள் இல்ல அண்ணி” என்றேன். அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். “இருக்குன்னு சொல்லிக்கிட்டேதான் உங்கண்ணன் போனாரு. அது என்னதான் கோழின்னு நான் ஒரு தடவை தின்னு பார்க்கணும் ஃபிலோ.” தமாஷ் என்று நினைத்தேன். பிப்ரவரியில் போன் செய்து, அடுத்த சனிக்கிழமை தன் தையல் கடைக்கு லீவு விட்டுவிட்டதாகச் சொன்னார்.

காலை 9.40க்கு விவேக் நகரில் கிளம்பி 10.25க்கு மார்க்கெட் பஸ் ஸ்டாண்ட் சேர்ந்தோம். தாவரெக்கெரே என்று போர்டு போட்ட சாதாரண பஸ் 10.50க்குக் கிடைத்தது. ஆதார் அட்டையைக் காட்டியதும் கண்டக்டர் பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கொடுத்தார். “கவர்மெண்ட் செலவுல பாருக்குப் போறோம்” என்று அண்ணி என் காதில் சொல்லிச் சிரித்தார். சுமார் 22 கிலோமீட்டர்தான். ஆனால் மாகடி ரோட்டு நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது. இடது பக்கம் உட்காராதீர்கள், வெயில் முகத்தில் அடிக்கும்.

தாவரெக்கெரேயில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். நாலு கிலோமீட்டர், 120 ரூபாய். ஊர்ப் பெயரைச் சொன்னதும் டிரைவர் நாங்கள் கோயிலுக்குப் போகிறோம் என்று முடிவு கட்டி, அர்ச்சனை நேரம் முடியப்போகிறது என்று வேகம் எடுத்தார். அண்ணி கன்னடத்தில், “கோயில் இல்லப்பா, பார்” என்றார். வண்டியை ஓரம்கட்டித் திரும்பிப் பார்த்தார் அவர். “யாரையாவது கூட்டிட்டு வரணுமா அம்மா? நான் வேணா உள்ள போய்க் கூப்பிடட்டுமா?” என்று நல்ல மனதோடுதான் கேட்டார். “யாரையும் கூப்பிட வேண்டாம். சாப்பிடப் போறோம்” என்றார் அண்ணி. அவர் முன்னால் திரும்பி வண்டியைக் கிளப்பினார்.

ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். வாசலில் இரண்டு புங்க மரம், நிழலில் ஏழெட்டு பைக். உள்ளே பத்து மேஜை, ஆறில் ஆட்கள். ஒரு மூலையில் கல்லாவும் பாட்டில் அலமாரியும், பின்சுவரில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாக விறகடுப்பின் வெளிச்சம் தெரிந்தது. வாசற்படியில் அண்ணி நின்றுவிட்டார்.

“என்ன அண்ணி?”

“நல்லா இருந்தாலும் கஷ்டம், இல்லன்னாலும் கஷ்டம் ஃபிலோ. நல்லா இல்லன்னா அவரு குடிச்சிட்டு உளறினதுன்னு ஆயிடும். நல்லா இருந்தா...” முடிக்காமல் உள்ளே நடந்தார்.

உள்ளே எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். முதலாளி நஞ்சப்பா எழுந்து வந்தார். பீன்யா ஆட்கள் வந்து வந்து அவருக்குத் தமிழ் பழகியிருக்கிறது. “பேமிலி ரூம் இல்ல மேடம். பார்சல் கட்டிக் கொடுக்கிறேன்.”

“பார்சல் வாங்க வரலைங்க. எங்க வீட்டுக்காரரு இங்க சாப்பிட்ட மாதிரியே சாப்பிடணும்.” அண்ணி போனில் அண்ணன் படத்தை எடுத்துக் காட்டினார்.

நஞ்சப்பா படத்தைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். “மெயின்டனன்ஸ் சார்! ஆள் வரலையே, ஊருக்குப் போயிட்டாருன்னு நினைச்சேன்.” விஷயம் தெரிந்ததும் தோளில் கிடந்த துண்டால் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

ஜன்னலோரம் உட்கார்ந்தோம். கோழி சாரும் முத்தேயும், அதாவது கோழிக் குழம்பும் கேழ்வரகுக் களியும், ஒரு ஆளுக்கு 220. ஈரல் வறுவல் 160. எனக்கு ஒரு பீர். அண்ணி, “அவரு என்ன குடிப்பாரு?” என்று கேட்டார்.

“ரம் மேடம். ரெண்டே ரெண்டு பெக்.”

“ரெண்டுதானா?”

“சனிக்கிழமைன்னா மூணு.”

“சனிக்கிழமை மட்டும்தானே வருவாரு?”

நஞ்சப்பா குனிந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேஜையை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். பக்கத்து மேஜைக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்துப் புரையேறி இருமினார். “சரி, எனக்கு ஒரு லைம் சோடா” என்றார் அண்ணி. ஆனாலும் என் கிளாஸிலிருந்து பாதி பீர் அவர்தான் குடித்தார்.

சாரு வந்தது. நல்ல பழுப்பு நிறம், மேலே மெல்லிசாக எண்ணெய். அண்ணி களியைக் கிள்ளி, குழம்பில் புரட்டி வாயில் போட்டார். அடுத்து ஒரு துண்டு கோழி, பிறகு இன்னொரு துண்டு. நான் என் தட்டைத் தொடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நஞ்சப்பாவும் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“மனுஷன் பொய் சொல்லலை ஃபிலோ” என்றார் அண்ணி. “எனக்கு இது வராது.”

நானும் சாப்பிட்டேன். உண்மைதான். அண்ணி இதைப் படிப்பார், பரவாயில்லை.

தட்டு காலியானதும் அண்ணி எழுந்து நேராக ஜன்னலுக்குப் போனார். உள்ளே சமைப்பது நஞ்சப்பாவின் மனைவி ஜெயம்மா. இரண்டு பேரும் கன்னடத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன். ஜெயம்மாவுக்கு அண்ணனை நன்றாக நினைவிருந்தது. “சார் உட்காரவே மாட்டாரு. தட்டைக் கையில வச்சுக்கிட்டு இங்கேயே நிப்பாரு. கொதிக்கிறப்ப சட்டியை மூட விடமாட்டாரு, வாசனை போயிடுமாம்.”

“வீட்லயும் அதே கூத்துதான்” என்றார் அண்ணி. “என்ன போடுறீங்க, சொல்லுங்க.”

ஜெயம்மா எதையும் மறைக்கவில்லை. கொப்பரை, கசகசா, கொத்தமல்லி விதை வறுத்து அரைப்பது. இதெல்லாம் அண்ணியும் செய்வதுதான். “அப்புறம் கோழிக்கு மஞ்சள் பூசி, தோலோட நெருப்புல வாட்டிடுவேன்.”

“தோலோடயா?” அண்ணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “கொலஸ்ட்ரால்னு டாக்டர் சொன்னாருன்னு எட்டு வருஷம் ஒரு துளி தோல் இல்லாம உரிச்சு உரிச்சு ஆக்கிப் போட்டேன். இங்க வந்து தோலோட தின்னுட்டு, வீட்டுக்கு வந்து என் கோழியைக் குறை சொல்லியிருக்காரு!”

“ஐயோ, எனக்குத் தெரியாதேம்மா. அவருக்குத் தோல்துண்டாப் பார்த்து நான்தானே எடுத்துப் போட்டேன்!”

அண்ணி சிரித்தார். ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அது அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பாகவே முடிந்தது. ஜெயம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, சுற்றிக்கொண்டு வாசல் வழியாக ஹாலுக்கு வந்து எங்கள் மேஜையில் உட்கார்ந்தார். பதினெட்டு வருஷமாக இங்கே சமைக்கிறாராம், இந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லையாம். “ஃபேன் காத்து இவ்வளவு நல்லா வருமா இங்க?” என்று மேலே பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்து, “எனக்கும் ஒரு லைம் சோடா” என்று குரல் கொடுத்தார். நஞ்சப்பா கொண்டுவந்து வைத்தார்.

மூன்றரைக்குக் கிளம்பினோம். நஞ்சப்பா ஆட்டோவுக்குப் போன் செய்து வரவழைத்தார். வந்தது அதே டிரைவர். “சாப்பாடு எப்படி இருந்தது அம்மா?” என்று கேட்டார். ஐந்தே முக்காலுக்கு வீடு.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள், ஒன்றரைக்கு மேல் நாட்டுக்கோழி கிடைப்பது சந்தேகம். களியை மெல்லாதீர்கள், குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டி மானத்தை வாங்கும். குடிப்பதாக இருந்தால் வண்டி எடுத்து வராதீர்கள், பஸ்தான் இருக்கிறதே. கழிவறை ஒன்றுதான், தாழ்ப்பாள் சரியில்லை, துணைக்கு ஒருவர் வெளியே நிற்க வேண்டும். பெண்கள் போனால் முதலில் பார்சல் என்றுதான் சொல்வார்கள். முறைக்க வேண்டாம், சண்டையும் வேண்டாம். “உட்கார்ந்து சாப்பிடணும்” என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நில்லுங்கள், நாற்காலி வரும். முதல் பத்து நிமிஷம் எல்லோரும் பார்ப்பார்கள். பிறகு அவரவர் தட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அண்ணியிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. ஜன்னலோர மேஜையில் ஐந்து பேர். நான்கு பேர் விவேக் நகர் சர்ச் பாடல் குழுப் பெண்கள், நடுவில் கையில் கரண்டியோடு ஜெயம்மா. படம் எடுத்தது அண்ணி. என்னைக் கூப்பிடவே இல்லை.