பாபு அண்ணன் திருப்பிக் கொடுத்த பேஸ் கிட்டார்

அன்று காலை காஞ்சிபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டியூட்டியில் உட்கார்ந்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டுக்கடையிலிருந்து வேலூருக்கு டிரங்க் கால் கேட்டார்கள். இணைப்பைக் கொடுத்துவிட்டு நாங்கள் காதை எடுத்துவிட வேண்டும். நான் எடுப்பதற்குள் கேட்டுவிட்டது: "மைக் செட் பாபு பூட்டாருப்பா. தூக்கத்துலயே. காத்தால எழுப்பப் போனா இல்ல."

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. அழுகை பிறகு வந்தது, வேண்டிய அளவுக்கு வந்தது. ஆனால் முதலில் வந்தது நிம்மதிதான். இதைப் படித்துவிட்டு அவரைத் தெரியாதவர்கள் என்னைத் திட்டட்டும். தெரிந்தவர்களுக்கு விளங்கும். அடுத்தவர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டே செத்துப்போய்விடுவோமோ என்ற ஒரே பயத்தோடு வாழ்ந்த மனிதர் அவர். அதை உரியவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அந்தப் பொருள் ஒரு பேஸ் கிட்டார். தடித்த கம்பிகள் நான்கு. தனியாகக் கேட்டால் பாட்டு என்றே தோன்றாது. ஆனால் பாடுகிறவளுக்குக் காலுக்கடியில் தரை போட்ட மாதிரி இருக்கும். பகலில் டெலிபோன் ஆபரேட்டராகவும் சாயங்காலங்களில் எங்கள் மெல்லிசைக் குழுவின் பாடகியாகவும் இருந்த எனக்கு அந்தத் தரையைப் போட்டுக் கொடுத்தவர் டில்லிபாபு அண்ணன். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். குழுவை நடத்தியவரும் அவர்தான். ஆனால் அவருக்கு ஒரு வாத்தியமும் வாசிக்க வராது. "நான் வாசிச்சா உங்களுக்கு யாரு ஒயரு புடிக்கிறது?" என்பார்.

கிட்டாருக்கு உரியவர் நார்மன் சார். அரக்கோணத்தில் ரயில் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்த ஆங்கிலோ இந்தியர். அங்கே நடக்கும் நடன விருந்துகளில் வாசிப்பார். ஆம்ப்ளிஃபயர் கெட்டுப்போனால் பாபு அண்ணனிடம் கொண்டுவருவார், அப்படித்தான் பழக்கம். அறுபதுகளின் நடுவில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா புறப்பட்டபோது, கப்பலில் இதற்கு இடமில்லை என்று பெட்டியோடு கடையில் கொண்டுவந்து வைத்தார். "வெச்சுக்கோ மேன், ஒருநாள் வந்து வாங்கிக்கிறேன்" என்றாராம். அண்ணன் சொன்னாராம்: "நீங்க எப்ப வந்தாலும் நான் இங்கதான் சார் இருப்பேன்."

இந்த மாதிரி வார்த்தையை நாமெல்லாம் தினமும் சொல்கிறோம். அண்ணன் நிஜமாகவே சொல்லிவிட்டார், அதுதான் வம்பு. அன்றிலிருந்து அவர் ஓர் இரவுகூட வெளியூரில் தங்கவில்லை. மைத்துனி கல்யாணத்துக்குத் திண்டிவனம் போனவர், தாலி கட்டி முடிந்ததும் வாயில் வெற்றிலையோடு பஸ் ஏறிவிட்டார். கன்னியாகுமரி பார்க்க வேண்டும் என்பது சரோஜா அண்ணியின் ஆசை. அதைக் கேட்டுக் கேட்டு அலுத்து, கடைசியில் கேட்பதையே அவர் விட்டுவிட்டார்.

குழுவில் வாசித்த சுந்தர் தறிக்காரர் வீட்டுப் பையன். அந்தக் கிட்டாரை ஒரே ஒரு கச்சேரிக்குக் கொடுங்கள் என்று அண்ணனைப் பிடுங்கி எடுத்தான். ஒருவழியாகச் சம்மதித்தார். ஒத்திகையில் முறுக்காணியை ஒரு சுற்று அதிகம் திருகியதில், இருப்பதிலேயே தடித்த கம்பி அறுந்தது. அண்ணனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அந்தக் கம்பி மெட்ராஸிலேயே கிடைக்காது.

அறுந்த நுனியை எல்லோரும் கூடிப் பார்த்தோம். நடுவில் ஒரு கம்பி, அதன்மேல் தட்டையான சன்னக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருந்தது. எங்கள் ஊரில் இதைப் பார்க்கிற யாருக்கும் ஒன்றுதான் தோன்றும். பட்டு நூலின்மேல் தட்டின வெள்ளிக் கம்பியைச் சுற்றினால் ஜரிகை. "அட, இது நம்ம சமாச்சாரம்பா!" என்றான் சுந்தர். ஜரிகை போடுகிறவரிடம் ஓடினார்கள். பட்டை முறுக்கி முறுக்கித் தடிமனாக்கி, அதன்மேல் வெள்ளியைச் சுற்றி, அவர் அருமையான கம்பி ஒன்று செய்து கொடுத்தார். மாட்டி விரலால் தட்டினால் கும்மென்று அதிர்ந்தது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை, ஆம்ப்ளிஃபயரில் மாட்டிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

திருவிழா மேடையில் நான் பாட ஆரம்பித்தேன். சுந்தர் அந்தக் கம்பியைத் தட்டினான். ஆம்ப்ளிஃபயரில் சத்தமே இல்லை. கம்பிகளுக்கு அடியில் இருப்பது காந்தம். இரும்பு அசைந்தால்தான் அதற்குக் கேட்கும், பட்டும் வெள்ளியும் அதற்குப் பொருட்டே இல்லை. இது எங்கள் ஒருவர் மூளையிலும் ஏறவில்லை. பாட்டின் பாதியில் தரை காணாமல் போகும், நான் தடுக்கி விழுந்து எழுந்து அடுத்த அடிக்குப் போவேன். சுந்தரோ மகா வித்வான் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் வராத கம்பியைக் கச்சேரி முடியும்வரை தட்டினான். கூட்டத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பேஸ் கிட்டார் எப்படிக் கேட்கும் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் வியர்த்து வழிந்துகொண்டிருந்த அண்ணன், மேடையை விட்டு இறங்கியதும் என்னிடம் சொன்னார்: "வெள்ளிய விட இரும்பு ஒஸ்தின்னு இன்னிக்குத்தான்மா தெரிஞ்சுது."

பிறகு மெட்ராஸ் துறைமுகத்தில் ஆளைப் பிடித்து, ஒரு கப்பல்காரர் மூலம் அசல் கம்பி வரவழைத்துப் போட்டார். இனி நார்மன் சார் கிட்டாரை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவும் போட்டார். சுந்தர் முகம் தொங்கிப்போனது. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அண்ணன் அந்தக் கிட்டாரைப் போலவே காப்பி செய்கிற வேலையை ஆரம்பித்தார்.

முதல் காப்பியைக் கோயில் வாகனங்கள் செய்கிற ஆச்சாரி செய்தார். பலா மரம். கொண்டுவந்து பிரித்தால் கிட்டாரின் தலையில் ஓர் அன்னப்பட்சி உட்கார்ந்திருக்கிறது, அலகில் கொடியோடு. "காப்பின்னா காப்பிதான் ஆச்சாரி, பறவை எதுக்கு?" என்றார் அண்ணன். "மொட்டையா எப்பிடி சார் குடுக்கறது? பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?" என்றார் அவர். அந்த அன்னத்தோடுதான் சுந்தர் பல வருடம் மேடை ஏறினான். தோள்பட்டை இறங்கிவிடும், அவ்வளவு கனம். காந்தத்துக்கு மேல் செம்புக் கம்பி சுற்றுவதெல்லாம் அண்ணனே செய்தார்.

அப்புறம் அது பைத்தியமாகிவிட்டது. ஒன்றைவிட இன்னொன்று நன்றாக வரவேண்டும் என்று வேங்கையில் ஒன்று, தேக்கில் ஒன்று. கோலாரில் கலைந்துபோன ஒரு பேண்டிலிருந்து கழுத்து கோணிய பழைய சீமைக் கிட்டார்கள் வந்தன. அவற்றையும் காலை பஸ்ஸில் போய் ராத்திரிக்குள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கடைச் சுவரே தெரியவில்லை. எல்லாவற்றின் முதுகிலும் சிவப்பு பெயிண்டில் 'நகல்' என்று எழுதினார், கோலார் சீமைக் கிட்டார்களிலும்கூட. "ஏண்ணே, இதுங்க அசல்தானே?" என்று கேட்டேன். "நாளைக்கே எனக்கு ஒண்ணு ஆயிட்டா சரோஜா எதைத் தூக்கிக் குடுப்பா? செவப்பு இல்லாதது நார்மன் சாருது. அவளுக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும்" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த நார்மன் ஒரு பொங்கலுக்காவது, சரி கிறிஸ்துமஸுக்காவது, ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்.

போன கிறிஸ்துமஸுக்கு நார்மன் சாரே வந்தார். அரக்கோணத்தில் இருக்கும் தங்கையைப் பார்க்க வந்தவர், மருமகளுக்குப் பட்டுப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வந்து, போகிற வழியில் கடைக்குள் தலையை நீட்டினார். நாங்கள் ஒத்திகையில் இருந்தோம். அண்ணன் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. உள்ளே ஓடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தார்.

"என்ன மேன் இது?" என்றார் நார்மன் சார். திறந்து பார்த்துவிட்டு, "மை காட், இன்னுமா வெச்சிருக்கே? நான் மறந்தே போயிட்டேன். நீ எப்பவோ வித்திருப்பேன்னு நெனச்சேன்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதர் மறந்துபோன பொருளுக்காகவா அண்ணி கன்னியாகுமரி பார்க்கவில்லை? ஆனால் அண்ணன் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "ஒரு கம்பி அறுந்து வேற போட்டிருக்கேன் சார், அது என் தப்பு" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நார்மன் சார் எடுத்துக் கொஞ்ச நேரம் வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் மாறியது. முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது உனக்குத்தான் பாபு. கிஃப்ட்" என்றார்.

அண்ணி முகம் மலர்ந்தது. சுந்தர் எழுந்தே நின்றுவிட்டான். சுவர் முழுக்கக் காப்பிகளை மாட்டி வைத்திருக்கிற மனிதருக்கு அசல் கிடைக்கிறது, வேறென்ன வேண்டும்? அண்ணன் மட்டும் பயந்துபோனார்.

"வேணாம் சார். தயவு பண்ணி எடுத்துக்கினு போயிடுங்க."

"அண்ணே, உங்களுக்குப் பைத்தியமா?" என்று நான் கத்தினேன். "அவரே குடுக்கறாரு, வாங்கிக்கோங்க!"

"சொவத்துல இருக்குதே, அது என்னுது வசந்தா. இது அவருது. வெச்சிக்கினா மறுபடி காவல் காக்கணும்மா, என்னால ஆவாது." நார்மன் சார் பக்கம் திரும்பினார். "ஒரு நாளாவது நான் காலை நீட்டித் தூங்கணும் சார்."

நார்மன் சார் பெட்டியை மூடி, எழுந்து, அண்ணனைக் கட்டிக்கொண்டார். அரக்கோணம் பஸ்ஸில் புடவைப் பொட்டலத்தோடு கிட்டாரும் போனது. அவர்மேல் எனக்கிருந்த கோபமும் அன்றோடு போயிற்று.

மறுநாள் பகல் முழுக்கக் கடை பெஞ்சில் அண்ணன் விட்ட குறட்டையைக் கேட்டு, லவுட்ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லிப் பக்கத்துக் கடைக்காரர் வந்துவிட்டார். அண்ணி எழுப்ப விடவில்லை. அடுத்த வாரம் இருவரும் கன்னியாகுமரி போனார்கள். ஆசை தீரச் சுற்றிவிட்டு, வெயிலில் முகம் கறுத்துத் திரும்பினார்கள். அப்புறம் சில மாதங்கள்தான். ஆனால் அத்தனை மாதமும் நன்றாகத் தூங்கினார் என்று அண்ணி சொன்னார். தூக்கத்திலேயே போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

காப்பிகள் அண்ணியிடம் இருக்கின்றன, சுந்தர் வாசிக்கிறான். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, அவர்களைக் கன்னியாகுமரிக்கு வழியனுப்பிய காலைதான். ரயில் பிடிக்கப் போகிற செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அண்ணி மடியில் புளிசாதத் தூக்கு. பஸ் கிளம்பும்போதுதான் எனக்கு நினைவு வந்து, "அண்ணே, கடைய யாரு பாத்துப்பாங்க?" என்று கத்திக் கேட்டேன்.

"பாத்துக்க அங்க இன்னாமா இருக்குது?" என்று சிரித்தார்.