மஞ்சள் கறைக்குக் கீழே

பிழைக்க வந்த தேசத்துச் சலவைக்கடையில் அவளுக்குப் பட்டனக்கா என்று பேர். எந்தச் சட்டையில் பித்தான் உதிர்ந்திருந்தாலும் டப்பாவுக்குள் கையை விட்டு ஜோடியை எடுத்துவிடுவாள். அப்படிப்பட்ட கை அன்று மத்தியானம் ஒரே ஒரு எழுத்தைத் தொட்டு மாட்டிக்கொண்டது.

முதலாளி சாப்பிடப் போனால் கவுண்டர் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. வாடிக்கையாளர் வந்ததும் பேர், துணி, குறிப்பு என்று மூன்று கட்டங்களை நிரப்பிச் சீட்டுக் கிழிக்க வேண்டும். கீபோர்டில் இங்கிலீஷ் எழுத்துதான். தமிழை அதிலேயே அடித்துக்கொள்வார்கள். சீட்டை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் வைத்துவிட்டுப் போன சட்டையின் காலரில் வேர்வைக் கறை. குறிப்புக் கட்டத்தில் ‘மஞ்சள் கறை’ அடிக்க ‘எம்’ எழுத்தைத் தொட்டாள். முன்பு அடித்ததைக் கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்திருக்கும் என்பதால் ‘மஞ்சள் கறை’ வந்து இறங்கியது. அதற்குக் கீழே இன்னொரு வரியும் இறங்கியது.

‘மருந்து வாடை ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் கடைக்கு மாற விருப்பம்.’

முந்தின நாள் இதே கம்ப்யூட்டரில், ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நம் ஊர்க்காரர் ஒருவர் நடத்தும் தையல்கடைக்கு அவள் அனுப்பிய விண்ணப்பத்தின் வரி அது. பாழாய்ப்போன போனில் அந்தக் கடையின் விண்ணப்பப் பக்கம் திறக்கவில்லை என்றுதான் இங்கே அடித்தாள். மூடினால் போச்சு என்று நினைத்தாள்.

போகவில்லை. முதலாளி வந்ததும் முதல் சட்டைக்கே ‘எம்’ அடிப்பார். பாதிச் சட்டைக்கு அதுதானே குறிப்பு! அவள் விசா அவர் பேரில் இருந்தது. புது இடத்தில் சரி என்று சொல்வதற்குள் அவருக்குத் தெரிந்தால் ரத்து செய்து விமானம் ஏற்றிவிடுவார். போன வருஷம் ஒருவனை அப்படித்தான் அனுப்பினார். ஊரில் அம்மாவுக்கு வாரந்தவறாமல் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். இங்கே இருந்தாலோ கறை எடுக்கிற மருந்தின் வாடை இவள் நெஞ்சைப் பிடித்தது.

பார்த்த பக்கங்களின் வரலாற்றை அழித்தாள். ‘எம்’ அடித்தாள். வரி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

“என்னக்கா, கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டுறே?” இஸ்திரி போடும் பையன் மேஜையிலிருந்து குரல் கொடுத்தான். “கடிச்சு வச்சிடப் போகுது!”

“உன் வேலையைப் பாரு சாமி. சட்டை கருகுது.”

“நான் கருக்கினா ஒரு சட்டை. நீ கருக்கினா கடையே போயிரும்!”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அமைப்புகளுக்குள் நுழைந்து தேடித் தேடி, தட்டச்சு செய்ததைச் சேமிப்பதற்குத் தனியாக ஒரு பொத்தான் இருப்பதைக் கண்டாள். அதை அணைத்தாள். சேர்ந்திருந்ததை எல்லாம் அழித்தாள். ‘எம்’ அடித்தாள். கட்டம் வெறுமையாக இருந்தது.

அப்பாடா என்று ஒரு மூச்சுதான் விட்டாள். மஞ்சள் கறையும் சேர்ந்து போயிருந்தது. பேர்க் கட்டத்தைத் தொட்டாள், அங்கேயும் ஒன்றுமில்லை. முதலாளி எந்தப் பேரையும் முழுதாக அடித்ததே கிடையாது. இரண்டு எழுத்தைத் தட்டுவார், மீதியைக் கம்ப்யூட்டர் சொல்லும். “என் மனசைப் படிக்கும்மா இது” என்று பீற்றிக்கொள்வார்.

அணைத்த பொத்தானைத் திரும்பப் போட்டாள். கொடியில் தொங்கிய துணிகளின் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பேராகத் தன் கைப்பழக்கத்தில் அடிக்கத் தொடங்கினாள். நாய்க்காரம்மா. கோழிக்கடைக்காரர். மொட்டைமாடி டாக்டர். பழசெல்லாம் மறுபடி பதியட்டும். கண்ணாடிக் கதவு ஆடியபோதெல்லாம் திரும்பிப் பார்த்தாள்.

முதலாளி பல்லைக் குத்திக்கொண்டே வந்து உட்கார்ந்தார். பின்னாலேயே கோழிக்கடைக்காரர் துணி வாங்க வந்தார். முதலாளி மூன்று எழுத்து அடித்தார். நின்றார். ஒன்றை அழித்தார். மானிட்டரை உற்றுப் பார்த்தார். கோழிக்கடைக்காரரிடம் துணியைக் கொடுத்து அனுப்பினார்.

“இங்க வாம்மா. இது என்ன?”

“என்னண்ணே?”

“கோழிக்கு நான் வெறும் ‘எல்’தான் போடுவேன். ‘இசட் எச்’ போட்டு அடிச்சிருக்கு. தமிழ் டீச்சராட்டம் ‘ழ’வைப் பார்த்துப் பார்த்து அடிக்கிறது இந்தக் கடையில நீ ஒருத்திதான். நான் அடிச்சு வச்ச பேரெல்லாம் எங்க?”

“தெரியாம அழிஞ்சுபோச்சுண்ணே.”

“தெரியாம அழிஞ்சது தானா உன் எழுத்துல முளைச்சுதா?” அவர் குரலைத் தாழ்த்தினார். அதுதான் பயங்கரம். “கஸ்டமர் பேரையெல்லாம் எந்தக் கடைக்கு எடுத்துக் கொடுத்தே? போலீசைக் கூப்பிடவா?”

இஸ்திரிச் சத்தம் நின்றது.

“ஐயோ, அண்ணே, சத்தியமா இல்லை! நான் அழிச்சது வேற.”

“எது?”

அவள் திருடி இல்லை என்பதற்கு அந்தக் கட்டத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த வரிதான். அதை அவளே துடைத்துவிட்டாள்.

“வேற கடைக்கு… விண்ணப்பம் போட்டேண்ணே.”

“கதை விடாதே.”

“மெயில்ல இருக்கு.”

“காட்டு.”

நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். அவள் நின்றபடியே மெயில் பக்கத்தைத் திறந்தாள். கடவுச்சொல்லை அடிக்கும்போது விரல் இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை திறந்தது. கூடவே மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பிக் கேட்டது: கடவுச்சொல்லைச் சேமிக்கவா?

அவள் கை போவதற்குள் அவர் கை மவுஸின்மேல் விழுந்தது. ‘ஆம்’ என்பதை அழுத்தினார். பிறகு நிதானமாக, அவளுடைய மெயில்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கடை ‘விண்ணப்பம் கிடைத்தது’ என்று எழுதியிருந்த கடிதத்தில் வந்து நின்றார்.

“சரி. நீ திருடலை.”

அவள் தலையசைத்தாள்.

“வேற இடம் மாறணும்னா என் கையெழுத்து வேணும். அது தெரியும்ல?”

“தெரியும்ண்ணே.”

“போ. வேலையைப் பாரு” என்றார், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே. அடுத்த மெயிலைத் திறந்தார்.