மரத்திடம் சொல்லவில்லை

நான் ஓய்வு பெற்ற அன்று எனக்குப் பொன்னாடை போர்த்தாத குறைதான். இந்தச் சிங்கப்பூர் நகரத்தின் பூங்காக்களையும் சாலையோர மரங்களையும் முப்பது வருடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டவர், விடுமுறை என்றால் காட்டிலும் கடலிலும் திரிகிறவர், மரங்களின் நண்பர் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். நட்ட மரங்களைப் பற்றி நிறையச் சொன்னார்கள். வெட்டிய மரங்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானும் மைக்கைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மரம் வெட்டியதில் எனக்கு வருத்தமில்லை. உளுத்த மரத்தை வெட்டாமல் விட்டால் யார் தலையிலாவது விழும். என்னை அரிப்பது ஒரே ஒரு வேப்ப மரம்.

எங்கள் அலுவலகத்தில் எழுதாத ஒரு வழக்கம் இருந்தது. வெட்டவேண்டிய மரத்தடியில் சீனர்கள் கும்பிடும் சிவப்புப் பீடம் இருந்தால் கோப்பு சீன அதிகாரி ஒருவரிடம் போகும். மஞ்சள் துணி கட்டியிருந்தால் என் மேசைக்கு வரும். நான் இயக்குநர் ஆன பிறகும் அது மாறவில்லை. ‘உங்க ஆளுங்க, நீங்களே பேசிடுங்க லா’ என்று தள்ளிவிடுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வேம்பு ஜாலான் புசார் கடைவீடுகளுக்குப் பின்னால், லிட்டில் இந்தியாவை ஒட்டிய சிறிய புல்வெளியில் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியர்கள் அதன் அடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அடித்தண்டைத் தட்டினால் காலிப் பானையைத் தட்டுவது போலச் சத்தம் வந்தது. மஞ்சள் துணி கட்டியவர்களிடம் பேசினேன். அவர்கள் ஒரு கும்பிடு போட்டு, துணியை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தகராறு வரும் என்று பயந்த இடத்தில் வரவில்லை.

தயங்கியவர் வெட்ட வந்தவர். ஒப்பந்த நிறுவனத்தின் ஆள், சிவகங்கைப் பக்கம், நாற்பது வயதிருக்கும். கயிற்றில் தொங்கிக்கொண்டு ரம்பம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. திங்கள்கிழமை வெட்டவேண்டிய மரத்தைப் பார்க்க வெள்ளிக்கிழமை இருவரும் போயிருந்தோம். அவர் மரத்தைச் சுற்றி வந்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சார், ஊர்ல வீட்ல முழுகாம இருக்காங்க. பத்து வருசம் கழிச்சு இப்பத்தான் தங்கியிருக்கு. இந்த நேரத்துல புருசங்காரன் மரம் வெட்டக்கூடாதும்பாங்க. நமக்குப் பொழப்பே அதுதான், என்ன செய்ய? மத்த மரத்தயெல்லாம் நானே மன்னிப்புக் கேட்டுட்டு வெட்டிடுறேன். இது சாமி மரம் சார்.”

“சரி, இப்ப என்ன பண்ணணும்ங்கிறீங்க?”

“வெட்டுறதுக்கு மொத நாளு, மரத்துக்கு உரியவங்க வந்து சொல்லணும். நாளைக்கு வெட்டப்போறோம், உங்கிட்ட குடியிருக்குறவங்க எல்லாம் வேற எடம் போயிடுங்கன்னு. அவங்க சொல்லிட்டா குத்தம் வெட்டுறவன் மேல வராது. கவருமெண்டு மரத்துக்கு நீங்கதானே சார் உரியவங்க?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிங்கப்பூரின் மரங்களுக்கெல்லாம் என்னைச் சொந்தக்காரனாக்கிய முதல் ஆள் அவர்தான். ஞாயிறு சாயங்காலம் வந்து சொல்கிறேன் என்றேன். அவர் அங்கிருந்தே கடைக்கு ஓடிப்போய் மூன்று எலுமிச்சம்பழமும் ஒரு பாக்கெட் சூடமும் வாங்கிவந்து என் காரில் வைத்தார். வேறு ஊழியரை அனுப்பச் சொல்லி அவருடைய முதலாளியிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே போதும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிறு காலை பாசிர் ரிஸ் கடற்கரையிலிருந்து கயாக் படகில் புலாவ் உபின் தீவுப் பக்கம் போனேன். நீரோட்டம் அருமையாக இருந்தது. ஒரு நீர்நாய்க் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே நேரத்தை ஓட்டினேன். கரையேறியபோது மணி நான்கு. போயிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் கார் நிறுத்த இடம் கிடைக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. புல்வெளி நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், மரத்தடியில் தீ மூட்டக்கூடாது என்று பலகை வைத்த இயக்குநரே சூடம் ஏற்றி மரத்தோடு பேசுவதை யாராவது படம் பிடித்துப் போட்டால் என்ன ஆவது? மானம் போய்விடும் என்று பயந்தேன். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுத்தேன்.

திங்கள் காலை அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

“சொல்லிட்டீங்களா சார்?”

“சொல்லியாச்சு. நீங்க ஆரம்பிங்க.”

அவர் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். மதியத்துக்குள் மரம் லாரியில் போய்விட்டது. சாயங்காலம் என் மனைவி காரில் கிடந்த எலுமிச்சம்பழங்களை எடுத்துப் பிழிந்து ஜூஸ் போட்டுக் கொடுத்தாள். நான் குடித்தேன்.

நாலைந்து மாதம் கழித்து, ஆங் மோ கியோ வட்டாரத்தில் கிளை கழிக்கும் வேலையைப் பார்க்கப் போனேன். அவர்தான் மேலே இருந்தார். என்னைக் கண்டதும் இறங்கி வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

“கொழந்த தங்கல சார். ஏழாம் மாசம் போயிடுச்சு.”

மரத்துக்கும் கருவுக்கும் முடிச்சுப் போடுகிறவன் இல்லை நான், அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அவர் அடுத்து என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“அந்த வேப்ப மரம் சார். அன்னிக்கு அதுகிட்ட சொல்லிட்டுத்தானே வெட்டினோம்?”

“ஆமா. கும்பிட்டு நல்லபடியாச் சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

அவர் முகம் தெளிந்தது. ஆறுதலுக்காகச் சொல்கிற பொய் என்று நினைத்தேன். அதோடு முடிந்திருந்தால் அப்படியே நினைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். அவர் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து ஊருக்குப் போட்டார். “அவகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிடுங்க சார். மரத்த வெட்டித்தான் இப்பிடி ஆச்சுன்னு நான் பொலம்பிக்கிட்டே இருக்கேன். உங்க வாயால கேட்டா அவளுக்கும் நிம்மதி” என்று என் கையில் கொடுத்தார்.

மறுமுனையில் களைத்த குரல். “ஐயா, மரத்துக்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேம்மா.”

“என்னன்னுங்க சொன்னீங்க?”

அவருடைய கணவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளையே திருப்பிச் சொன்னேன். எலுமிச்சம்பழம் வைத்தேன் என்றேன். சூடம் காட்டினேன் என்றேன். கேட்காததையும் சொன்னேன். எனக்கே நம்பும்படியாக இருந்தது.

அந்தப் பெண் சொன்னார்: “அப்ப மரத்து மேலயும் குத்தமில்ல, அவுக மேலயும் குத்தமில்ல. எங்க மாமியா சொல்றது சரிதான் போலங்கய்யா. எங்கிட்டத்தான் ஏதோ கொற இருக்கு.”

ஒரே ஒரு வாக்கியம் போதும். நான் சொல்லவில்லை அம்மா, போகவே இல்லை, வரவேண்டிய குற்றம் என் மேல்தான் வரும், உங்கள் மேல் இல்லை. அதில் எனக்கு என்ன நஷ்டம்? எனக்கு நம்பிக்கையே இல்லாத ஒரு குற்றத்தை ஏற்றுக்கொள்வதில் என்ன கஷ்டம்? ஒப்பந்த ஊழியர் முன்னால் இயக்குநர் பொய்யன் ஆவார், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்குத்தான் நான் வாயை மூடிக்கொண்டு கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குள் இணைப்பு போயிருந்தது.

“என்ன சார் சொன்னா?” என்று அவர் ஆவலாகக் கேட்டார்.

“சரின்னாங்க” என்றேன்.