உடைந்தது போக மிஞ்சிய வளையல்கள்

அன்பான சகோதர சகோதரிகளே, மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில், எங்கள் தெருவில் கூடி ஜெபிக்கும் அன்பியத்துப் பெண்கள் கண்ணாடி வளையல்களோடு காரைக்காலில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. வயிறு ஐந்து மாதக்காரியைப் போல மேடிட்டிருந்தது. நேரில் கேட்டால் கண் பட்டுவிடும் என்று யாரும் கேட்கவில்லை. பூசையில் பார்த்தே கர்ப்பம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

என் மாமியார்தான் வாயைத் திறந்தார். "புள்ள இல்லைங்க. கர்ப்பப்பையில கட்டி."

கொண்டுவந்த வளையலைத் திருப்பி எடுத்துப்போவது எங்கள் பக்கம் ஆகாது. மாதா சுரூபத்தடியில் பொட்டலத்தை வைத்துவிட்டு மழையோடு போய்விட்டார்கள். மறுநாள் பிரித்தால் ஒரு வளையல் உடைந்திருந்தது. அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது.

மாதாமாதம் ரத்தம் கட்டி கட்டியாகப் போனது. என் கணவருக்குக் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை. நிலக்கரித் தூசியோடு வாசலில் நின்றபடியே, "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்பார். நேற்றைப் போலத்தான் என்று தண்ணீரை நீட்டுவேன்.

"கட்டியை எடுத்தாதான் கரு தங்க வாய்ப்பிருக்கு," என்றார் டாக்டரம்மா. "ஆனா ரத்தம் நிக்கலைன்னா கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும். சம்மதமா?"

தலையாட்டினேன். உடைந்த வளையல்தான் கண்ணுக்குள் நின்றது.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தாலியைக் கழற்றச் சொன்னார்கள். அத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். உள்ளே எனக்கு மனப்பாடமான ஜெபம் ஒன்றுகூட வரவில்லை. 'பையை மட்டும் விட்டுடு தாயே' என்று மனதுக்குள் சொன்னேன். மயக்கம் வந்துவிட்டது.

இரண்டாவது தடவை ரத்தம் கேட்டு நர்ஸ் ஓடி வந்தபோது, அத்தை வெறுந்தரையில் முட்டி போட்டுவிட்டாராம். ஜெபமாலையைத் தொடவில்லையாம். "பையை மட்டும் விட்டுடு தாயே" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாராம். என் கணவர் பிறகு இதைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கண் விழித்தேன். கட்டியை எடுத்தாகிவிட்டது, பை பத்திரம் என்றார்கள்.

அடுத்த வருடம் கரு தங்கியது. அப்போதும் நிம்மதி இல்லை. கர்ப்பப்பையில் தைத்த இடம் பிரிந்துவிடலாம், லேசாக வலித்தாலும் ஓடி வா என்று எச்சரித்திருந்தார்கள். புரண்டு படுக்கவே பயந்தேன். ஏழாம் மாதம் யாரும் வளையலோடு வரவில்லை, அவர்களுக்கும் பயம். அத்தையே அந்தப் பழைய பொட்டலத்தை எடுத்தார்.

"வேணாம் அத்தை. அதுல ஒன்னு உடைஞ்சிருக்கு."

"உடைஞ்சது போக மிச்சத்தை மாதா விட்டு வச்சிருக்காள்ல. கையை நீட்டு."

ஆபரேஷனில்தான் மகள் பிறந்தாள். இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். ஆண்டவருக்கும் மாதாவுக்கும் ஆயிரம் நன்றி.

தங்கைகளே, வயிற்றில் கட்டி என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஜெபமும் பண்ணுங்கள். பயம் தெளிந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்குக் கடைசிவரை பயம் தெளியவில்லை. ஆண்டவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை.