உட்கார வைத்து வளர்த்த பிள்ளை

எங்கள் அம்மாவின் கணக்கில் உலகத்தில் இரண்டே சாதிதான். நின்று சாகிறவர்கள், உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொழுந்து பறித்தவள் அவள். மலையில் ஒரு கல்லின் மேல் கொஞ்சம் குந்திவிட்டால் போதும், கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டுவிடுவார். அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான். மகனையாவது உட்கார வைத்துவிடுவது என்று அப்போதே முடிவெடுத்தாளாம். மகளைப் பற்றி அப்படி ஒரு முடிவும் இல்லை.

அண்ணனுக்கு ஹட்டனில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. கல்யாணப் பத்திரிகை, மரண அறிவித்தல், திருவிழா நோட்டீஸ் எல்லாம் அவன் கைவேலை. பொழுது சாயும் வரை நாற்காலி. பஸ்ஸிலும் ஸீட். காலையில் அம்மா, முன்னால் நிற்பவள் பிள்ளைத்தாய்ச்சி என்றும் பார்க்காமல் இடித்துக்கொண்டு ஏறி, துண்டு போட்டுப் பிடித்துக் கொடுப்பாள். வீட்டுக்கு வந்தால் கையில் போன், மறுபடி நாற்காலி. ஒட்டி ஒட்டி நிற்கும் எங்கள் லயத்து வீட்டு வரிசையிலேயே சுழல் நாற்காலி இருந்தது எங்கள் காம்பராவில் மட்டும்தான். தண்ணீர் குடிக்கக்கூட அவன் எழுந்ததில்லை.

நானும் அதே காம்பராவில் தையல் மெஷின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஜாக்கெட்டை ஒரே மூச்சில் தைக்க அம்மா விட்டால்தானே?

"அண்ணனுக்குத் தேத்தண்ணி ஊத்துடி."

"அந்த சார்ஜர எடுத்துக் குடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தும் எழுந்து போவேன்.

ஒரு மழைக்காலத்தில் அண்ணனின் இடது கெண்டைக்கால் வீங்கியது. அம்மா பூரித்துப்போனாள். "தோட்டத்துக் காலா இது? தொரைமாருக் கால் மாதிரி சதை வச்சிருக்கு" என்றாள். வலிக்கிறது என்று அவன் சொன்னதும் எண்ணெய் காய்ச்சித் தேய்க்கப் போனாள். அவன் கத்திய கத்தலில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் சிங்களத்தில் சொன்னார். அம்மாவுக்கு நான் தமிழில் சொன்னேன். காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கிறது. மணிக்கணக்காக உட்கார்ந்தால் காலில் ஓட்டம் மந்தமாகும், குழாய்களும் நாளடைவில் கெடும். கெண்டைச் சதை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான்.

"இவளுந்தான் நாள் பூரா மெஷின்ல குந்தியிருக்கா. இவளுக்கு ஏன் ஒண்ணும் வரல?" என்று அம்மா கேட்டாள். அதில் ஒரு குறை தொனித்தது.

டாக்டர் என்னைப் பார்த்து, இடையில் எழுந்து நடப்பீர்களா என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார விட்டால்தானே என்றேன். அதுவே உங்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கெட்ட சந்தோஷம்தான், மறைக்க என்ன இருக்கிறது?

மாத்திரையைத் தவறவிடக் கூடாது, கிளினிக்குக்கு வர வேண்டும், அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி ரத்தம் கட்டலாம். கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிர் போய்விடும். இதையும் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே அம்மா ஆரம்பித்தாள்.

"சொகமில்லாதவன நடக்கச் சொல்லுவாரா டாக்டரு? நீயா சேத்துச் சொல்ற. ஒங்கண்ணன் குந்துறது ஒனக்குக் கண்ணுல குத்துது."

மாத்திரையை நம்பினாள். அது டாக்டர் கொடுத்தது. நடையை நம்பவில்லை. அது என் வாயிலிருந்து வந்தது.

நான் தண்ணீரை அடுப்படியில் வைத்துவிட்டு, "வந்து எடுத்துக்கண்ணே" என்பேன். அண்ணன் பாவம், சொன்னதைக் கேட்பவன், காலை ஊன்றி எழுவான். அம்மா ஓடிவந்து அவன் தோளை அழுத்தி உட்கார வைப்பாள். "நடக்க விட்டு வேடிக்கை பாக்குறியே, நீயெல்லாம் பொம்பளையா?" என்பாள் என்னைப் பார்த்து. அவன் அம்மா சொன்னதையும் கேட்பான். வீக்கம் வடிந்ததும் வேலைக்குப் போனான். மாத்திரை முடிந்தது, கிளினிக்கும் நின்றுபோனது. கால் சரியாகிவிட்டதே, பிறகென்ன என்றாள் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் நாற்காலியிலேயே சாப்பிட்டுக் கை கழுவ, அம்மா சொல்லி நான் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தபோது, "மூச்சு முட்டுது தங்கச்சி" என்றான். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் வேலை முடிந்து மலையிலிருந்து இறங்கிய பெண்கள் அப்படியே சாவு வீட்டுக்கு வந்தார்கள். அம்மா நெஞ்சிலடித்து ஒப்பாரி வைத்தாள். இடையில் நிறுத்தி, பக்கத்து லயத்து அக்காவிடம் சொன்னாள்:

"ஒண்ணுதான் எனக்கு நிம்மதி. எம்புள்ள ஒரு நாளும் நின்னு கஷ்டப்படல. குந்துன எடத்துலயே போயிட்டான்."

"குடுத்து வச்ச சாவும்மா" என்றாள் அந்த அக்கா. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணனைக் கொன்றவளுக்குத் தோட்டமே திரண்டு வந்து ஆறுதல் சொன்னது.