பக்கத்து சீட்டுக்காரர்

கொல்கத்தாவின் டாலிகஞ்சில் ஒரு டீக்கடை முன்னால் ஞாயிறு காலையில் கார் பிரியர்கள் கூடுவார்கள். ஒருவர் மட்டும் ஆட்டோவில் வருவார். ஒல்லியான தமிழர். எந்தக் காரைத் தொடும் முன்பும் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொள்வார்.

என் முதலாளி தன் ஸ்போர்ட்ஸ் காரை விற்றுவிட்டு, அதே கம்பெனி புதிதாகப் போட்ட பெரிய சொகுசுக் காரை வாங்கியிருந்தார். அதை ஓட்டத்தான் என்னை வைத்தார். அன்று அதைப் பற்றித்தான் சண்டை. அந்த ஆட்டோக்காரத் தமிழர்தான்

“பறக்கிற கார் பண்ற கம்பெனி சோபா பண்ணலாமா?”

“வித்தாத்தானே கம்பெனி நிக்கும்?” என்றார் ஒருவர்.

“மானம் போயி நின்னா என்ன?”

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. “தாதா,” என்றார், வங்காளிகள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல். “உங்ககிட்ட சைக்கிள்கூட இல்ல. உங்களுக்கு ஏன் எரியுது?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது.

முதலாளியும் அவர் மனைவியும் பின்சீட்டில் ஏறினார்கள். அந்தத் தமிழர் என் ஜன்னலுக்கு வந்தார். அடிப்பாரோ என்று நினைத்தேன். தமிழில், மெதுவாகச் சொன்னார்.

“பழைய கார்ல ரெண்டே சீட்டு. ஞாயித்துக்கிழமை ஒண்ணு என்னுது. உங்க முதலாளி ஓட்டுவார், நான் பக்கத்துல. இதுல அஞ்சு பேர் உட்காரலாம் தம்பி. என்னை யார் கூப்பிடுவா?”

“வண்டியை எடு” என்றார் முதலாளி.

எடுத்துவிட்டேன். என் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. ஏறச் சொல்ல அது என் கார் இல்லை.